சாவிக்கும் ஒரு பூட்டு

கேள்வி: சர்வரில் நுழைய எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் ரகசிய ஃபைல்) உருவாக்கியபோது, அதைப் பூட்ட பாஸ்ஃப்ரேஸ் (பல சொற்கள் கொண்ட ரகசியத் தொடர்) கேட்டது. இரண்டு தடவையும் என்டர் தட்டிவிட்டேன். லேப்டாப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே, இது வேறு எதற்கு?

பதில்: அந்த இடத்தில் என்டர் தட்டுகிறவர்கள் நிறையப் பேர், வெட்கப்பட வேண்டாம். ஆனால் லேப்டாப் பாஸ்வேர்டு காப்பது லேப்டாப்பை. சாவி ஊர் சுற்றும். அது ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். பேக்கப்பில் போய் உட்காரும், பென் டிரைவில் ஏறும், நீங்கள் யாருக்கோ கொடுத்த பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி 600 என்று அனுமதி வைத்திருப்பீர்கள். அனுமதிகளைப் பதிவு செய்யாத ஃபேட்32 வடிவப் பென் டிரைவில் காப்பி செய்ததும் அந்த அனுமதி காணாமல் போய்விடும். பாஸ்ஃப்ரேஸ் மட்டும்தான் ஒவ்வொரு காப்பியோடும் கூடவே போகிறது.

ஃபைல் கையில் கிடைத்தவன் தன் கம்ப்யூட்டரிலேயே ராத்திரி பகலாக ஊகித்துப் பார்ப்பான். மூன்று தப்புக்கு மேல் கதவடைக்க அங்கே யாரும் இல்லை. எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 2018 முதல் வழக்கமாக எழுதும் ஃபைல் வடிவம், வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் என்ற கணக்கீட்டு முறை மூலம் ஒவ்வொரு ஊகத்தையும் மந்தமாக்குகிறது. ஆனாலும் பிறந்த தேதியை அதுவும் காப்பாற்றாது. சினிமா வசனமும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்தது ஊருக்கே பிடித்திருக்கும்.

1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் சொன்ன டைஸ்வேர் முறைதான் என் சிபாரிசு. பகடையை ஐந்து முறை உருட்டினால், 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அப்படி ஆறு சொற்கள். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டாதீர்கள், அங்கேதான் உங்கள் மனசு உள்ளே நுழைகிறது. தினமும் நூறு தடவை டைப் செய்ய வேண்டுமோ என்று பயப்படவும் வேண்டாம். பின்னணியில் ஓடும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் என்ற புரோகிராமிடம் ஒரு தடவை கொடுத்தால், அது ஓடும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இருக்கிற சாவிக்கே எஸ்எஸ்எச்-கீஜென் (ssh-keygen) கட்டளையில் மைனஸ் பி (-p) போட்டு பாஸ்ஃப்ரேஸ் சேர்க்கலாம். சர்வரில் வைத்திருக்கும் அதன் ஜோடியான பப்ளிக் கீ மாறாது. ஆனால் ஏற்கெனவே சிதறிய காப்பிகள் பூட்டில்லாமலேதான் இருக்கும். அதனால் உங்கள் விஷயத்தில், பாஸ்ஃப்ரேஸோடு புதுச் சாவி செய்து சர்வரில் சேருங்கள். அதில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகு, சர்வரில் பழைய சாவிக்கான வரியை நீக்குங்கள். அப்புறம், பாஸ்ஃப்ரேஸ் மறந்தால் மீட்க வழியே கிடையாது. காகிதத்தில் எழுதி, லேப்டாப் பைக்குள் அல்லாமல், வேறு இடத்தில் வையுங்கள்.