விக்டரின் முதல் கன்ட்ரி இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் 1922 முதல் 1933 வரை வெளியிட்ட கன்ட்ரி (அமெரிக்கத் தென்பகுதிக் கிராமத்து) இசைத்தட்டுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை. முதலிலேயே ஒரு வேண்டுகோள்: பாடல் பதிவான நாளையும் தட்டு கடைக்கு வந்த நாளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இந்தத் துறையின் சச்சரவுகளில் பாதி அதனால்தான் வருகின்றன.

கேள்வி: ஐயா, கன்ட்ரி இசை 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். விக்டரின் முதல் கன்ட்ரி தட்டும் அங்கே பதிவானதுதானா?

பதில்: இல்லை. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விக்டர் தொடங்கிவிட்டது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட வீரர்கள் 1922-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒன்றுகூடினார்கள். அங்கே வாசித்துவிட்டு இரண்டு பிடில் கலைஞர்கள் நேரே நியூயார்க்குக்குப் போனார்கள். ஒருவர் டெக்சாஸைச் சேர்ந்த எக் ராபர்ட்சன். மற்றவர் அந்தப் போரைக் கண்ட முதியவர் ஹென்றி கில்லிலாண்ட். ஜூன் 30 அன்று இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். மறுநாள் ராபர்ட்சன் தனியாக வாசித்த ‘சாலி குடன்’ 18956 என்ற எண்ணுள்ள தட்டில் வந்தது. ஒரு சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் அதை எத்தனை விதமாகத் திருப்பிக் காட்டுகிறார் என்று கேளுங்கள். சுருதிக்காக ஒரு தந்தி அடியில் ஒலித்துக்கொண்டே இருக்க, வில் ஓர் இடத்திலும் ஓய்வதில்லை. ஆனால் இதை யாரிடம் விற்பது என்று விக்டருக்குத் தெரியவில்லை. ராபர்ட்சனை அது மறுபடி பதிவுக்கு அழைத்தது 1929-இல், டாலஸ் நகரில்.

சந்தையைக் கண்டுபிடித்தது போட்டி நிறுவனமான ஓகே. அட்லாண்டாவில் மரச்சாமான் கடையில் கிராமபோனும் விற்றுவந்த போல்க் பிராக்மன் சொன்னதைக் கேட்டு, 1923 ஜூனில் பிடில் வாசித்தபடி பாடும் ஃபிட்லின் ஜான் கார்சனைப் பதிவுசெய்தார்கள். ஓகேக்காகப் பதிவுகளை நடத்திய ரால்ஃப் பியருக்கு அந்தக் குரல் பிடிக்கவே இல்லை. பிராக்மனோ 500 தட்டுகள் கேட்டார். அவை விற்றுத் தீர்ந்த பிறகுதான் பியருக்கு விஷயம் விளங்கியது. இந்தப் பியர்தான் பின்னால் விக்டருக்கு வருகிறார்.

கேள்வி: என்னிடம் பழைய விக்டர் தட்டு ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

பதில்: விலை என் துறை அன்று. ஏல நிறுவனங்களிடம் கேளுங்கள்.

கேள்வி: வெர்னன் டால்ஹார்ட் உண்மையில் கிராமத்துப் பாடகரா?

பதில்: டெக்சாஸில் பிறந்தவர், ஆனால் நியூயார்க்கில் மெல்லிசை நாடகம் பாடிப் பழகிய குரல். இயற்பெயர் மேரியன் ட்ரை ஸ்லாட்டர். டெக்சாஸின் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்துப் புனைபெயர் ஆக்கிக்கொண்டார். 1924 ஆகஸ்டில் விக்டருக்காக அவர் பதிவுசெய்த தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு கைதியின் பாட்டு, மறுபக்கத்தில் 1903-இல் வர்ஜீனியாவின் டான்வில் அருகே கவிழ்ந்த அஞ்சல் ரயிலின் பாட்டு. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. போலி என்று அவரை ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தப் பணத்தைப் பார்த்த பிறகுதான் விக்டர் தெற்கு மாநிலங்களின் பக்கம் கவனமாகத் திரும்பியது.

கேள்வி: தட்டை எதனால் துடைக்கலாம்? ஸ்பிரிட் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் காலத் தட்டு அரக்கால் ஆனது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஒரு துளி போட்டாலும் ஒலி பதிந்த பள்ளங்கள் பாழாகிவிடும். பிற்காலத்து எல்பி தட்டுக்கான ஊசியாலும் ஓட்டாதீர்கள். அது இந்தப் பள்ளத்துக்கு மிக மெல்லியது. அடியில் கிடந்து உரசும்.

கேள்வி: பிரிஸ்டலில் என்னதான் நடந்தது?

பதில்: பிரிஸ்டலின் ஸ்டேட் தெருவின் நடுவே டென்னஸி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லைக்கோடு ஓடுகிறது. அந்தத் தெருவில், தொப்பி நிறுவனம் ஒன்று இருந்த கட்டடத்தின் மாடியில் பியரும் இரண்டு பொறியாளர்களும் கருவிகளை இறக்கினார்கள். எதிரொலியை அடக்கச் சுவர்களில் போர்வைகள். பாட்டு முதலில் பதிவாகும் மெழுகுத் தட்டைச் சீராகச் சுழற்றியது மெல்ல இறங்கும் எடைக்கல். ஒலியை வாங்கியது மைக். 1925-க்கு முன் பாடகர்கள் தகரக் குழலுக்குள் கத்த வேண்டியிருந்தது. மைக் வந்ததால் அங்கே பாடிய கார்ட்டர் குடும்பத்தில் சாராவின் தாழ்ந்த குரலும் மேபெலின் கித்தாரும் ஒன்றையொன்று அமுக்காமல் பதிந்தன.

1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள், 76 பாடல்கள். முதல் நாள் ஏற்கெனவே பெயர்பெற்ற பாடகர் எர்னஸ்ட் ஸ்டோன்மேனுடன் கழிந்தது. முந்தைய ஆண்டில் அவர் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அதைப் படித்த மலைப்பகுதிக் கலைஞர்கள் திரண்டு வந்தார்கள். ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் ஏ. பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் உறவினரும் நிறைமாதத்தை நெருங்கியவருமான மேபெல் ஆகியோர் ஆறு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ். அவருடைய குழு முன்னதாகவே பூசலில் உடைந்துவிட்டதால் தனியாகக் கித்தாருடன் இரண்டு பாடல்கள் பாடினார். அந்தத் தட்டு அக்டோபரில் வந்தது. அவரைப் பெரும்புகழுக்குக் கொண்டுபோன ‘ப்ளூ யோடல்’ (யோடல் என்பது குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிட்டுப் பாடுவது) நவம்பர் 30 அன்று நியூஜெர்சியின் கேம்டனில் பதிவானது, பிரிஸ்டலில் அல்ல. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பியர் ஏழைகளின் பாட்டைத் திருடியவர். அவரைப் பெரிய மனிதராக்குகிறீர்களே?

பதில்: கணக்கைப் பார்ப்போம். விக்டரிடம் பியர் சம்பளம் கேட்கவில்லை. பாடல்களின் பதிப்புரிமையைக் கேட்டார். ஒரு தட்டின் விலை 75 சென்ட். 1909-ஆம் ஆண்டுச் சட்டம் பாட்டின் உரிமையாளருக்கு ஒரு பக்கத்துக்கு 2 சென்ட் என்று வைத்திருந்தது. பாடியவருக்கு ஒரு பாட்டுக்கு 50 டாலர், அதோடு ராயல்டியில், அதாவது விற்பனைக்கேற்ப வரும் அந்த உரிமைத் தொகையில், ஒரு பங்கு. மற்றவர்கள் பலர் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்ட காலம் அது. அதனால் திருடர் என்று சொல்லமாட்டேன். ஆனால் உரிமை கிடைக்கப் பாட்டு ‘புதியதாக’ இருக்க வேண்டும். இதனால்தான் பாடகர்கள் பழைய பாட்டைப் புதுப்பித்துக் கொண்டுவரத் தொடங்கினார்கள். எந்தப் பாட்டு தட்டில் ஏறியது, எது ஏறவில்லை என்பதையே இந்த 2 சென்ட் தீர்மானித்தது.

அதே வாசகர்: பழைய பாட்டில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது திருட்டு இல்லையா?

பதில்: கார்ட்டர் குடும்பத்தின் புகழ்பெற்ற ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ 1860-இல் அச்சான ஒரு பாட்டின் உருமாற்றம். அப்படிப்பட்ட பழைய பாட்டு எவருக்கும் சொந்தமில்லை. வாய்வழியாக மாறி வந்ததைச் செப்பனிட்டவர் பெயர் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. மேலே சொன்ன ரயில் பாட்டுக்கு டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ் என்பவர் உரிமை கோரி விக்டர்மீது வழக்குத் தொடுத்தார். 1933-இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் விக்டர் வென்றது. எது யாருடையது என்பதை நீதிபதிகளாலேயே எளிதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு வாசகர்: லெஸ்லி ரிடில் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

பதில்: அங்கேதான் என் கோபமும் இருக்கிறது. ரிடில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கித்தார் கலைஞர். பாட்டுத் தேடி ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போனபோது உடன் போனவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொள்வார். மேபெலும் அவரிடம் கற்றுக்கொண்டார். விக்டர் தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் ராட்ஜர்ஸ் பாடிய ஒன்பதாவது ‘ப்ளூ யோடல்’ பாட்டுக்கு டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில். அந்தத் தட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பருக்கு ஒரு வரிசை என்று பட்டியலைப் பிரித்தது வியாபாரம். இசைக் கலைஞர்கள் அப்படிப் பிரிந்து வாசிக்கவில்லை. சட்டம் இடம் கொடுத்தது என்று சற்று முன் சொன்னேன். நியாயம் என்று நான் சொல்லவில்லை.

கேள்வி: என் தாத்தாவின் தட்டு மின்முறையில் (மைக் வைத்து) பதிவானதா என்று எப்படி அறிவது? விலையும் சொன்னால் நல்லது.

பதில்: அமெரிக்க விக்டர் தட்டாக இருந்தால், பள்ளங்கள் முடிந்து நடுவிலுள்ள பெயர்க் காகிதம் தொடங்கும் இடைவெளியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். முட்டை வடிவக் கோட்டுக்குள் ‘விஇ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அழுத்தியிருந்தால் மின்முறை. கடிகாரத்தின் ஒன்பது மணி இடத்தில் உள்ள சிறு எண், எத்தனையாவது முயற்சி என்பதைக் காட்டும். விலை பற்றி மேலே பதில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியை விக்டர் எப்படிப் பிடித்தது?

பதில்: அது 1955. ராக் இசை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பொருளாதாரப் பெருமந்தத்தில் இந்தத் தட்டுகள் என்ன ஆயின?

பதில்: 1929-இன் தொடக்கத்தில் விக்டர் இந்த இசைக்கென்றே வி-40000 என்ற வரிசையைத் தொடங்கியது, அதன் முதல் தட்டே ‘வைல்ட்வுட் ஃபிளவர்’தான். அதே ஆண்டு வானொலி நிறுவனமான ஆர்சிஏ, விக்டரை வாங்கியது. பிறகு 75 சென்ட் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. 1933-இல் 35 சென்ட் விலையில் ப்ளூபேர்ட் என்ற மலிவுத் தட்டு வந்தது. பழைய பதிவுகள் பலவற்றை அதில் மறுபடி அச்சிட்டார்கள். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டு மே 26 அன்று காசநோயால் இறந்தார். இரண்டு நாள் முன்பு நியூயார்க்கில் பாட்டுக்குப் பாட்டு படுத்து ஓய்வெடுத்துப் பாடியிருந்தார்.

கேள்வி: பதிவுத் தேதிகளை எங்கே சரிபார்ப்பது?

பதில்: சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விக்டரின் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தட்டின் எண்ணைக் கொடுத்தால் பதிவான நாள், ஊர், வாசித்தவர்கள் எல்லாம் வரும். அங்கே பெரும்பாலும் காண்பது பதிவு நாள், வெளியீட்டு நாள் அல்ல.