ஒன்றேகால் லட்சம் கட்டினால் வேலை உத்தரவாதமா?

கேள்வி: விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. கணிதம் கடைசி ஆண்டு. ஏஐ வந்துவிட்டது, வெறும் டிகிரிக்கு இனி வேலை கிடைக்காது என்று சொல்லி, மதுரையில் ஒரு பயிற்சி நிறுவனம் டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்கு ஒன்றேகால் லட்சம் கேட்கிறது. நூறு சதவீதம் வேலை உத்தரவாதமாம். இஎம்ஐயும் போட்டுத் தருகிறார்களாம். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம்.

அவர்கள் காட்டும் பயத்தில் பாதி உண்மைதான். புதிதாக வருபவர்களுக்கு முன்பு கொடுத்துவந்த எளிய கோடிங், டெஸ்டிங், டேட்டா என்ட்ரி வேலைகள் குறைந்துகொண்டு வருகின்றன. மீதிப் பாதி விற்பனைப் பேச்சு. கணக்கு படித்த பெண்ணுக்கு அடிப்படை கையில் இருக்கிறது. எக்செல், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), கொஞ்சம் பைத்தான் (ஒரு கணினி மொழி), தயங்காமல் பேசும் அளவுக்கு ஆங்கிலம், இவ்வளவும் சேர்ந்தால் போதும். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம்.

இஎம்ஐ விஷயத்துக்கு வருகிறேன். ஆட்கள் விழுவது இங்கேதான். ஆதார், பான் எல்லாம் வாங்கிக்கொண்டு, "போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்பார்கள். அந்த ஓடிபியைச் சொன்னால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி. கடன் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி. மொத்தப் பணத்தையும் பயிற்சி நிறுவனத்துக்கு முதலிலேயே கொடுத்துவிடும். மகள் பாதியில் நின்றாலும், அந்த நிறுவனமே கதவைச் சாத்திவிட்டுப் போனாலும், தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் அடிபடும். அப்புறம் கடைக்கு ஓவர்டிராஃப்ட் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் அதன் வலி தெரியும். உத்தரவாதம் என்கிறார்களே, அதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். நேர்காணலுக்கு அனுப்பிவைப்போம் என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது.

கோர்ஸ் முடிகிற நேரத்தில் இன்னொரு யோசனை வரும். "ஃப்ரெஷருக்கு மார்க்கெட் இல்லம்மா, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போட்டுக்கலாம்." தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். கம்பெனிகள் யுஏஎன் என்கிற பிஎஃப் கணக்கு எண்ணைக் கேட்டு பிஎஃப் பதிவைப் பார்க்கின்றன. இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சொல்பவருக்கு ஒரு மாதப் பிஎஃப்கூட இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. வேலையில் சேர்ந்து மாதங்கள் கழித்து விசாரித்து வெளியே அனுப்புவதும் நடக்கிறது. பிஎஃப்பும் சேர்த்தே காட்டித் தருகிறோம் என்று சொல்லும் தரகர்கள் உண்டு. அவர்களிடம் பேச்சே வேண்டாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலும் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டாமல் பழக ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் பட்டதாரி அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) பதிவு செய்யலாம், இலவசம். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பி.எஸ்சி.க்கும் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 2019இல் வந்த விதி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. இதையெல்லாம் கல்லூரி சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் வாசலில் தொங்கும் பிளேஸ்மெண்ட் பேனரில் இதைப் போட முடியாதே! ஒரே பிள்ளைக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று வேலை என்று எண்ணிப் போடுகிற பேனர் அது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்களைக்கூட, செமஸ்டர் கடைசியில் அவசரமாக ஓட்டி மதிப்பெண் போட்டு முடிக்கிற கல்லூரிகள் இருக்கின்றன. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

நாட்ஸில் ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் சேர முடியாது. படிப்பு முடிந்து ஏழெட்டு மாதம் எங்கேயாவது வேலை பார்த்திருந்தால் பரவாயில்லை, வருடம் ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். அதனால் கிடைத்த வேலையில் இருந்துகொண்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வருட அனுபவம் என்று ஒரு போலி லெட்டரைக் காட்டினால், இல்லாத அனுபவத்துக்காக இருக்கிற வாய்ப்பையும் இழக்க வேண்டியதுதான்.

இப்போதைக்கு மகளிடம் உங்கள் கடையின் மூன்று மாத பில்களைக் கொடுங்கள். எக்செலில் ஏற்றட்டும். துவரம் பருப்பு மாதத்தின் எந்த வாரத்தில் அதிகம் போகிறது, எண்ணெய் எந்த அளவு பாக்கெட்டில் தேங்குகிறது, கடன் கணக்கு எத்தனை நாளில் திரும்புகிறது என்று பார்த்து இரண்டு பக்கத்தில் எழுதட்டும். நேர்காணலில் எப்படிக் கேட்டாலும் அவளால் பதில் சொல்ல முடியும், தானே செய்ததல்லவா? பயிற்சி நிறுவனம் கொடுக்கும் ரெடிமேட் புராஜெக்ட்டில் இரண்டாவது கேள்விக்கே திணறுவார்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை வைத்துக்கொண்டு எழுத்துப்பூர்வமாகத் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம். ஓடிபி சொல்லியாகிவிட்டதென்றால் கடனை ரத்து செய்யச் சொல்லி முதலில் ஃபைனான்ஸ் கம்பெனிக்குத்தான் மெயில் போட வேண்டும், அதுவும் இன்றைக்கே.