காசு கொடுத்துத் தறப்பாளின் கீழ் படுப்பதா?

கேள்வி: எங்கள் மகன் பாடசாலையோடு கனூ என்னும் துடுப்புப் படகில் மூன்று நாள் பயணம் போய்வந்தான். வந்த நாள் முதல், "குடும்பமாக ஓர் ஆற்றில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவோம்" என்று கேட்டபடி இருக்கிறான். மகளுக்கும் ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மனம் இழுக்கிறது. கணவர்தான் மறுக்கிறார். "95இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில் படுத்தவன் நான். இப்போது காசு கொடுத்து அதன் கீழ் படுக்க வேண்டுமா?" என்கிறார். இதில் அப்படி என்ன இன்பம் இருக்கிறது? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. நானும் அதே கேள்வியோடுதான் முதன்முதலில் அந்த ஆற்றங்கரையில் போய் நின்றேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்த சனத்திரளில் நானும் இருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. கொடிகாமத்தில் யாரோ ஒருவருடைய தென்னங்காணிக்குள் தறப்பாள் கட்டிப் பல வாரங்கள் இருந்தோம். காட்டில் படுத்தால் மனம் இலேசாகும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும்.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே மகள்தான் என்னைப் பிரெஞ்ச் ஆற்றுக்கு அழைத்துப்போனாள். முதல் இரவே மழை பிடித்துக்கொண்டது. தறப்பாளில் துளி விழுந்த சத்தத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செருப்பு எங்கே, பை எங்கே, பிள்ளை எங்கே என்று இருட்டில் என் கை துழாவியது. "அம்மா, மழைதான் பெய்கிறது" என்றாள் மகள். விடியும்வரை நான் உறங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கும் இப்படி ஓர் இரவு வரக்கூடும். அது வராது என்று நீங்கள் அவருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

விடிந்ததும் வெளியே வந்தேன். ஆற்றைக் காணவில்லை. ஓகஸ்ட் கடைசியில் இரவுக் காற்று குளிர்ந்துவிடும், தண்ணீரோ வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் ஆறு முழுவதும் ஆவி எழுந்து வெள்ளையாக மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பறவை நீளமாகக் குரல் எடுத்தது. எங்கோ தொலைவிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. அது லூன் என்றாள் மகள். உங்கள் கைப்பையில் இருக்கும் ஒரு டொலர் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். 1987 முதல் அதில் இருக்கும் பறவை அதுதான். இத்தனை காலம் காசாகக் கையில் வைத்திருந்த பறவையின் குரலை அன்றுதான் கேட்டேன். கேத்தில் கொதித்தது. பாறையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மூடுபனி விலகி, எதிர்க்கரைப் பைன் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேலைக்காற்று காலங்காலமாக அடித்து அடித்து, ஒரு பக்கமாகவே கிளை விட்ட மரங்கள்.

அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதையே சிபாரிசு செய்யப்போகிறேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நிப்பிசிங் ஏரியில் புறப்பட்டு, சுமார் 110 கிலோமீற்றர் ஓடி, ஜோர்ஜியன் குடாவில் கலக்கிறது. இளஞ்சிவப்புப் பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து, தீவுகளைச் சுற்றி, மறுபடியும் சேர்ந்து ஓடும். கனடாவின் மரபுரிமை ஆறுகளில் முதலாவதாக 1986இல் அறிவிக்கப்பட்டது இதுதான். முதற்குடியினரான அனிஷினாபே மக்களின் பழைய நீர்வழி இது. பிரெஞ்சுக்காரர்கள் இவ்வழியாக வந்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது. 1615இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன் முதற்குடியினரின் துணையோடு இந்த ஆற்றின் வழியாகத்தான் குடாவுக்குப் போனார். அதன்பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள், விலங்குத் தோல் வணிகத்தின் படகோட்டிகள் பூர்ச்சமரப் பட்டையால் செய்த கனூக்களில் இதில் போய்வந்தார்கள். பெரிய கனூ 11 மீற்றர் நீளம் இருக்கும். ஓட முடியாத இடங்களில் படகையும் சரக்கையும் தரைவழியே சுமப்பார்கள். ஒருவர் ஒரே நடையில் 41 கிலோ மூட்டைகள் இரண்டு சுமப்பது வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புகை குழாய் பிடிப்பார்கள். தூரத்தையே "இத்தனை குழாய்" என்று கணக்கிட்டார்கள். நம் ஊரில் கூப்பிடு தூரம் என்று சொல்வதைப் போல ஓர் அளவை. இதைக் கேட்ட நாளிலிருந்து ஆற்றில் நானும் கிலோமீற்றர் கணக்குப் பார்ப்பதில்லை.

இனி, என்ன இன்பம் என்று கேட்டீர்களே. கனூ மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போகும். மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீற்றர். இயந்திரம் இல்லாததால் துடுப்பிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் காதில் விழும். ஆறு வளைந்து வளைந்து போவதால், அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பது அங்கே போகும்வரை தெரியாது. ஒரு முறை நீர்நாய்க் குடும்பம் ஒன்று. இன்னொரு முறை முழங்கால் ஆழத்தில் நின்று நீர்ச்செடி தின்றுகொண்டிருந்த கடம்பைமான். பல வளைவுகளில் வெறும் பாறையும் ஒளியும் மட்டுமே. அவற்றுக்காகவும் நான் துடுப்பை நிறுத்தியிருக்கிறேன். பிற்பகலில் கரையேறினால் பாறை வெயிலில் சூடேறிக் கிடக்கும். ஆற்றில் முழுகிவிட்டு ஈர உடையோடு அதன்மேல் சாய்ந்து கிடப்பதற்கு ஈடான சுகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கனூவில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி மணிக்கணக்காக இருக்கிறார்கள். இரண்டாம் நாள் நான் அணியத்தில், மகள் பின்னால். திடீரென்று, "அம்மா, அந்த இரவு என்னை யார் தூக்கிக்கொண்டு நடந்தது?" என்று கேட்டாள். வீட்டு மேசையில், முகத்துக்கு நேரே, அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் பேச்சை மாற்றியிருப்பேன். ஆற்றைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துடுப்புப் போடுவதை நிறுத்தவில்லை. நான் அழுதது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மாலை இன்னொன்றும் விளங்கியது. இடம்பெயர்ந்தபோதும் தூக்க முடிந்ததைத்தான் எடுத்துக்கொண்டு போனோம். மனமோ விட்டுவிட்டு வந்தவற்றிலேயே கிடந்தது. ஆற்றிலும் இரண்டு பைக்குள் ஒரு குடித்தனம்தான். ஆனால் வீடு பூட்டியபடி இருக்கிறது, சாவி என் பையில் இருக்கிறது. திரும்பும் நாளை நானே குறித்திருக்கிறேன். உங்கள் கணவரிடம் இதை வாதமாக வைக்காதீர்கள். அவருக்கே தோன்றினால் தோன்றட்டும்.

காரியத்துக்கு வருவோம். நீச்சல் தெரியாதது தடையல்ல, ஆனால் உயிர்காப்புச் சட்டையைத் தண்ணீரில் இருக்கும்வரை ஒரு நிமிடமும் கழற்றக் கூடாது. ஆளுக்கு ஒன்று, உடம்புக்குச் சரியான அளவில். அதோடு நீர் இறைக்க ஒரு வாளி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, விசில் ஆகியவை படகில் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். வாடகைக்குத் தருபவர்கள் சேர்த்தே தருவார்கள், கேட்டு வாங்குங்கள். முதலில் கிராண்ட் ஆற்றில், ஒன்ராறியோவிலுள்ள பாரிஸ் என்ற ஊரிலிருந்து பிரான்ட்ஃபோர்டுக்கு ஒரு பகல் பயணம் போய்ப் பாருங்கள். கோடையில் அங்கே நீர் ஆழம் குறைந்து அமைதியாக ஓடும். திசை மாற்றுவதை நால்வரும் அங்கேயே பழகிக்கொள்ளலாம். பின்னால் இருப்பவர்தான் திருப்புகிறார். முன்னால் இருப்பவர் வலுக்கொடுப்பதோடு பாறை இருந்தால் கூவிச் சொல்ல வேண்டும்.

பிரெஞ்ச் ஆற்றில் முதல் தடவை கீழ்ப்பகுதியில் ஹார்ட்லி குடாவிலிருந்து புறப்படுங்கள். அரை நாள் தூரத்துக்குள் ஓர் இடம் பிடித்து, இரண்டு இரவும் அங்கேயே தங்கித் திரும்புங்கள். தினமும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டுவது புதியவர்களைக் களைக்க வைத்துவிடும். மே, யூன் மாதங்களில் கறுப்பு ஈக்கள் கடித்துக் கொன்றுவிடும். தண்ணீரும் ஆபத்தான குளிர். ஓகஸ்ட் கடைசி வாரம் மிக நல்லது. தங்குவதற்கான அனுமதியை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம், வார இறுதிகள் விரைவில் முடிந்துவிடும். காலையில் நேரத்தோடு புறப்படுங்கள். பிற்பகலில் காற்று எழும்.

அங்கே கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது, மசசோகா என்று பெயர். ஒன்ராறியோவின் ஒரே நச்சுப் பாம்பு. கூச்ச சுபாவம் உள்ளது, வாலை ஆட்டி எச்சரிக்கும். சப்பாத்து இல்லாமல் நடக்காதீர்கள், இரவில் டோர்ச் இல்லாமல் கழிப்பிடத்துக்குப் போகாதீர்கள். கரடிக்காக உணவு முழுவதையும் கூடாரத்திலிருந்து தள்ளி, நாலு மீற்றர் உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். பற்பசைகூட அந்தப் பைக்குள்தான். கருவாடும் மாசிச் சம்பலும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

உணவுக்கு என் யோசனை ஒடியல் மா. பாரம் குறைவு, பழுதாகாது. உங்கள் கணவருக்கு மீன்பிடி அனுமதி இருந்து ஒரு மீனும் அகப்பட்டால், புளியும் மிளகாயும் போட்டு அந்தப் பாறையில் கூழ் காய்ச்சுங்கள்.

அவரைச் சம்மதிக்க வைக்க முயலாதீர்கள், தங்கை. கிராண்ட் ஆற்றுக்கு மட்டும் கூப்பிடுங்கள். அதில் இரவு இல்லை. அது பிடித்திருந்தால், இரண்டாவது பயணத்தில் எப்போது திரும்புவது என்பதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் நள்ளிரவில் "போவோம்" என்றால், வெளிச்சம் வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டையைக் கட்டுங்கள். பிள்ளைகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படகில் அவரை அணியத்திலும் மகனைப் பின்னாலும் இருத்துங்கள். அவர் பாரமானவர் என்றால் மூட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்யலாம்.

கரையேறியதும் தறப்பாளை அவரே கட்டட்டும். எந்த மரத்தில் கயிறு போடுவது, எந்தப் பக்கம் தாழ்த்தினால் நீர் வழிந்தோடும் என்பதெல்லாம் உங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும். மகன் பாடசாலையில் அவ்வளவு படித்திருக்க மாட்டான். மகனை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரவில் மழை வந்து அவர் எழுந்து உட்கார்ந்தால் நீங்களும் எழுந்து தேத்தண்ணீர் வையுங்கள். அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம், தறப்பாளின் உயர்ந்த பக்கத்து ஓரமாக வையுங்கள்.