காணொளியா, எழுத்துப் பாடமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தரவுப் பகுப்பாய்வு குறித்த இணையவழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் காணொளி ஒன்றும், அதே பொருளை விளக்கும் எழுத்துக் குறிப்பு ஒன்றும் தருகிறார்கள். எனக்குக் காணொளியில் மனம் நிற்பதில்லை. குறிப்பைப் படித்துவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போய்விடுகிறேன். காணொளியை விட்டால் பாதிப் பாடம் போய்விடும் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். நான் செய்வது சரியா?

பதில்: நீங்கள் எடுத்துக்கொண்ட பாடத்தை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் சரி என்றே சொல்வேன். காணொளி உயர்ந்தது, எழுத்து தாழ்ந்தது என்றோ, அதற்கு மாறாகவோ பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்ல முடியாது. கற்கும் பொருள் அசைவில் இருக்கிறதா, அல்லது ஒன்றோடொன்று ஒப்பிட்டு, திரும்பத் திரும்பப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் எடுத்தாள வேண்டியதாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சூத்திரமும் நிரலும் அட்டவணையும் நிறைந்த உங்கள் பாடம் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி, அதே வரிசையில் உள்ள வேறொரு மதிப்பை எடுத்துத் தர எக்செலில் பலரும் பயன்படுத்தும் வி-லுக்அப் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு உள்ளீடுகள் உண்டு. நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதினால், துல்லியமாகப் பொருந்தும் மதிப்பை மட்டும் அது தேடும். அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால், தோராயமாகப் பொருந்தினால் போதும் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். தேடப்படும் நெடுவரிசை ஏறுவரிசையில் இல்லாதபோது, பிழைச் செய்தி எதையும் காட்டாமலே தவறான விடையைத் தந்துவிடவும் கூடும். காணொளியில் ஆசிரியர் அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய இரண்டு விநாடிகூட ஆகாது, அதற்குள் உங்கள் கண் வேறு எங்கேனும் இருந்தால் அது போனதுதான். எழுதிய பக்கத்தில் அது அப்படியே நிற்கிறது. உங்கள் விடை தவறாக வரும்போது, உங்கள் சூத்திரத்தையும் பக்கத்தில் உள்ளதையும் அருகருகே வைத்து ஒவ்வோர் உள்ளீடாகச் சரிபார்க்க முடிகிறது.

இதற்குப் பின்னால் நினைவாற்றல் சார்ந்த காரணம் ஒன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாட்டின்படி, புதிய செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிக்கொள்ளும் நமது திறன் மிகவும் குறுகியது. பேச்சும் அசையும் காட்சியும் வந்த வேகத்தில் மறைந்துவிடுவதால், மறைந்ததை நினைவில் பிடித்துக்கொண்டே வருவதையும் கவனிக்க வேண்டிய இரட்டைச் சுமை காணொளியில் ஏற்படுகிறது. படிப்பவருக்கோ வேகம் தன் கையில் இருக்கிறது. தெரிந்த பத்தியைத் தாண்டிச் செல்லவும், புரியாத வரியில் ஐந்து நிமிடம் நிற்கவும், மூன்று பக்கம் முன்னால் போய் ஒரு வரையறையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அவரால் முடியும். காணொளியிலும் நிறுத்தலாம், பின்னோக்கி நகர்த்தலாம் என்பது உண்மைதான். ஆனால் வேண்டிய இடம் எது என்று தேடுவதிலேயே கவனம் சிதறிவிடுகிறது.

ஆனாலும் காணொளிகளை முழுவதுமாக விட்டுவிடாதீர்கள். தேர்ந்த ஆசிரியர் ஒருவர், எதிர்பாராத விடை வந்ததும் சற்று நின்று, இது ஏன் இப்படி வந்தது என்று உரக்க யோசித்து, ஒவ்வொரு சந்தேகமாக விலக்கிக்கொண்டு வரும் பகுதி கிடைத்தால் அதை இரண்டு முறைகூடப் பாருங்கள். எழுத்துக் குறிப்புகள் பெரும்பாலும் முடிந்த வழியை மட்டுமே தருகின்றன. வழி தவறித் திரும்பியதைச் சொல்வதில்லை. அந்தத் தேடல் முறையைக் கண்ணால் கண்டு கற்பது வேறு எதிலும் எளிதில் கிடைக்காத பயன்.

கேள்வி: ஊசியும் நூலும் கொண்டு பின்னல் வேலை கற்க, படங்களுடன் கூடிய எழுத்து வழிகாட்டி ஒன்றை வாங்கினேன். எத்தனை முறை படித்தும் முதல் வரிசையே வரவில்லை. எனக்குக் கை வராதா, அல்லது வழிகாட்டி சரியில்லையா?

பதில்: இரண்டிலும் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. நூல் ஊசிக்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா, ஊசி கண்ணிக்குள் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, நூலை எந்தத் திசையில் சுற்றி இழுக்க வேண்டும் என்பவை எல்லாம் ஒரே அசைவின் கூறுகள். அவற்றை நான்கு நிலைப் படங்களாக வெட்டி வைத்தால், படத்துக்கும் படத்துக்கும் இடையில் கை என்ன செய்தது என்பது விடுபட்டுப்போகிறது. அசையும் படங்களையும் நிலைப் படங்களையும் ஒப்பிட்ட 26 ஆய்வுகளை டிம் ஹோஃப்லர், டெட்லெவ் லாய்ட்னர் இருவரும் 2007இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, கைத்தொழில் போன்ற செயல்முறைகளைக் கற்பதில்தான் அசையும் படங்களின் மேன்மை மிகத் தெளிவாக வெளிப்பட்டது. ஆகவே தயங்காமல் காணொளிக்குச் செல்லுங்கள். அதிலும், ஆசிரியர் எதிரே அமர்ந்து காட்டுவதைவிட, அவருடைய தோளுக்கு மேலிருந்து, அவர் கண் பார்க்கும் கோணத்திலேயே படம்பிடித்ததாகத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் இடம் வலமாக மாறித் தெரிவதை ஒவ்வொரு முறையும் மனத்தில் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

வாங்கிய வழிகாட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் கண்ணிகள் கைக்கு வந்தபிறகு, எந்த வரிசையில் எத்தனை கண்ணி, எங்கே குறைக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்ற கணக்குக்கு எழுத்தைப் போல உதவுவது எதுவும் இல்லை. கை வேலையாக இருக்கும்போது காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது பெரும் தொல்லை.

கேள்வி: இணையத்தில் ஒரு சோதனை எழுதியதில், நான் 'பார்த்துக் கற்கும் வகை' என்று முடிவு வந்தது. இனிக் காணொளிப் படிப்புகளை மட்டுமே தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: அந்த முடிவை நம்பி உங்கள் கதவுகளை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்துக் கற்பவர் என்று மனிதர்களை வகைப்படுத்தி, அந்தந்த வகைக்கேற்பக் கற்பித்தால் கல்வி மேம்படும் என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று, ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் இத்தகைய சோதனைகள் குறையவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனெனில் 'எனக்குப் படிப்பு ஏறாது, நான் பார்த்துக் கற்கும் வகை' என்று ஒருவர் தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொண்டால், பழகினால் வந்திருக்கக்கூடிய வாசிப்புத் திறன் அவருக்கு வராமலே போய்விடுகிறது.

விருப்பம் என்பது வேறு. எந்த வடிவத்தில் உட்கார்ந்தால் பாடத்தைப் பாதியில் விடாமல் முடிப்பீர்களோ, அதில் தொடங்குவதில் தவறில்லை. அந்த விருப்பத்தை உங்கள் மூளையின் அமைப்பாக எண்ணிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: நேரம் போதாததால் காணொளிகளை இரு மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். இதனால் பாதிப்பு உண்டா?

பதில்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ரோமப் பேரரசு குறித்த உரை போன்றவற்றை இரு மடங்கு வேகம் வரை கேட்ட மாணவர்களின் புரிதலில் பெரிய குறைவு தென்படவில்லை; இரண்டரை மடங்கைத் தொட்டபோதுதான் சரிவு தெரிந்தது. அவை செய்திகளைச் சொல்லிச் செல்லும் உரைகள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு தேற்றத்தை நிறுவும் பாடத்திலோ, கை அசைவைக் காட்டும் பாடத்திலோ அந்த வேகம் பொருந்தும் என்று நான் எண்ணவில்லை. ஒன்றரை மடங்கில் முதலில் பார்த்துவிட்டு, கடினமான பகுதிக்கு மட்டும் இயல்பான வேகத்தில் திரும்புவது நல்லது.

கேள்வி: ஒரு நிரலாக்கப் படிப்பின் எல்லாக் காணொளிகளையும் கவனமாகப் பார்த்து முடித்தேன். பார்க்கும்போது ஒவ்வோர் அடியும் தெளிவாகப் புரிந்தது. ஆனால் நானாக ஒரு சிறிய நிரல் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். மீண்டும் பார்த்தால் அந்தத் தெளிவு கூடும். எழுதும் திறன் கூடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலையைத்தான் பேசுகிறது. மேல் இருக்கும் பாத்திரங்கள் விழாதபடி மேசைவிரிப்பை உருவும் வித்தையைக் காணொளியில் ஒரு முறை பார்த்தவர்களைவிட, 20 முறை பார்த்தவர்கள் தங்களாலும் அதைச் செய்ய முடியும் என்று அதிகமாக நம்பினார்கள். செய்முறையை எழுத்தில் படித்தவர்களிடம் அந்த நம்பிக்கை அப்படி ஏறவில்லை. இலக்குப் பலகையில் அம்பு எறிவதை அதே போலப் பார்க்கச் செய்து, பிறகு எறியவும் விட்டபோது, பலமுறை பார்த்தவர்கள் அதிகப் புள்ளிகளை எதிர்பார்த்தார்கள். ஆனால் ஒரு முறை பார்த்தவர்களைவிட நன்றாக எறியவில்லை. தேர்ந்தவரின் கை தடையின்றி நகர்வதைப் பார்க்கப் பார்க்க, அந்த எளிமை நம்முடையது என்று தோன்றிவிடுகிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, எல்லோருக்கும் நேர்வதுதான்.

இனி ஒரு பாடத்தை இப்படி நடத்திப் பாருங்கள். காணொளியைச் சில நிமிடங்கள் பாருங்கள். ஆசிரியர் நிரலை எழுதத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அவர் என்ன எழுதப் போகிறார் என்பதை நீங்களே உங்கள் திரையில் எழுத முயலுங்கள். தவறினாலும், பாதியில் நின்றாலும் பரவாயில்லை; எங்கே நின்றது என்பது தெரிந்துவிட்டதல்லவா? அதன்பிறகு தொடர்ந்து பார்த்தால், அந்த ஓர் இடத்தை நீங்கள் கவனிக்கும் கவனமே வேறாக இருக்கும். பாடம் முடிந்ததும் காணொளியை மூடிவிட்டு, அதே நிரலை வெற்றுப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். அடுத்த வாரம், வேறு எண்களும் வேறு பெயர்களும் கொண்டு இன்னொரு முறை எழுதுங்கள்.

மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பதுதான் இதில் உயிர்நாடி. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்கள்தான் முந்தினார்கள். இது எழுத்துப் பாடத்துக்கும் அப்படியே பொருந்தும். வண்ணக்கோடு போட்டுக்கொண்டே திரும்பத் திரும்பப் படிப்பவரும், காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: எழுத்துக் குறிப்புகளை அச்செடுத்துப் படிப்பது நல்லதா, திரையிலேயே போதுமா?

பதில்: இயன்றால் கடினமான பகுதிகளை மட்டும் அச்செடுங்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், செய்தி சார்ந்த உரைகளைத் தாளில் படித்தவர்களின் புரிதல் திரையில் படித்தவர்களைவிடச் சற்று மேலாக இருந்தது; நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இந்த வேறுபாடு கூடியது. நிரல் வரிகளை எடுத்து ஒட்டவும், ஒரு சொல்லைத் தேடவும் திரைதான் வசதி.

கேள்வி: பணியிடத்தில் ஒரு புதிய மென்பொருளைக் கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒரு மணி நேரக் காணொளி ஒன்றை எடுத்துவிடலாமா?

பதில்: அந்த ஒரு மணி நேரத்தை உடைத்துவிடுங்கள். இணையவழிப் படிப்புகளை வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு படிப்புகளில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் எழுதிய கட்டுரையில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அது பார்த்த நேரத்தின் கணக்குதான், கற்றதன் கணக்கன்று. என்றாலும், பார்க்கப்படாத நிமிடங்களை எடுப்பதில் உங்கள் உழைப்பை ஏன் செலவிட வேண்டும்?

என் யோசனை இது. மென்பொருளின் முக்கியத் திரைகள் எங்கே இருக்கின்றன, ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை எப்படி நகர்கிறது என்பதைக் காட்ட ஐந்து நிமிடக் காணொளிகள் இரண்டு மூன்று போதும். மற்றவற்றை, 'கணக்கை எப்படி முடக்குவது', 'அறிக்கையை எப்படி இறக்குவது' என்று ஒரு வேலைக்கு ஒரு பக்கமாக எழுதிவிடுங்கள். சக ஊழியர்கள் உங்கள் பாடத்தைத் தேடப்போவது, வேலைக்கு நடுவில், ஒரே ஒரு பொத்தானைக் காணாமல் திண்டாடும் நேரத்தில்தான். அப்போது தேடற்பெட்டியில் இரண்டு சொல் தட்டி விடை காண எழுத்தால்தான் முடியும். அடுத்த பதிப்பில் பொத்தானின் பெயர் மாறினால், எழுத்தில் ஒரு வரியைத் திருத்தலாம். காணொளியை மறுபடி எடுக்க வேண்டும், அல்லது பழையதைப் பார்த்து எல்லோரும் குழம்ப வேண்டும்.

எடுக்கும் காணொளிகளுக்குச் சப்டைட்டிலும், பேச்சின் முழு எழுத்து வடிவமும் கட்டாயம் சேருங்கள். காது கேளாதவர்களுக்கு அது இல்லாமல் பாடமே இல்லை. சத்தம் போட்டுக் கேட்க முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கும் அதுவே துணை. அதே போல, 'இங்கே அழுத்துங்கள், பிறகு அதை இப்படி மாற்றுங்கள்' என்று பேசாமல், அழுத்தும் பொத்தானின் பெயரையும் மாற்றும் மதிப்பையும் வாயால் சொல்லுங்கள். திரையைக் காண முடியாத ஊழியர் ஒருவர் அந்தக் காணொளியைக் கேட்கும்போது, அவரும் மற்றவர்களோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டும்.