சிப்ஸ்லயே வயிறு ரொம்பிடுது அக்கா!

கே: அக்கா, ஆபீஸ் டீமோட முதல் தடவையா மெக்ஸிகன் ரெஸ்டாரண்ட் போறேன். நான் சுத்த சைவம். மெனுல பீன்ஸ், ரைஸ், சீஸ்னு தானே இருக்கு, யோசிக்காம ஆர்டர் பண்ணிடலாமா?

ப: அவசரப்படாதப்பா. என் ஃப்ரெண்டு ஒருத்தி, முட்டை கூட தொடமாட்டா, அவளும் இப்படித்தான் பீன்ஸ்னா பீன்ஸ் தானேன்னு நம்பி ஒரு தட்டு ரீஃப்ரைட் பீன்ஸை வழிச்சு சாப்பிட்டுட்டு, சர்வரை கூப்ட்டு "எப்படிங்க இவ்ளோ நல்லா இருக்கு"ன்னு கேட்டா, அந்த மனுஷன் முகமெல்லாம் பூரிச்சுப் போய் "மன்தேகா!"ன்னு சொன்னாரு. ஸ்பானிஷ்ல மன்தேகான்னா பன்னிக் கொழுப்பு. அதுக்கப்புறம் அவ தண்ணி கூட குடிக்கல, அப்படியே உக்காந்துட்டா. அந்த சர்வர் மேல ஒரு தப்பும் இல்ல, அவங்க பக்குவமே அதான். வேகவெச்ச பீன்ஸை மசிச்சு கொழுப்புல வதக்குறதுதான் பழைய முறை. இப்ப நிறைய இடத்துல எண்ணெய்ல பண்றாங்க, ஆனா கேட்காம தெரியாது.

அந்த ஆரஞ்சு கலர் சோறு இருக்கே, அதையும் நம்பாத, அரிசியை வறுத்து தக்காளி அரைச்சு ஊத்தி வேகவைக்கிறது, ஆனா தண்ணிக்கு பதிலா சிக்கன் வேகவெச்ச தண்ணி ஊத்துறது ரொம்ப சகஜம். தோர்த்தியான்னா அவங்க ஊரு சப்பாத்தி, மைதா தோர்த்தியா மாவுலயும் கொழுப்பு சேரும். "சின் கார்னே", அதாவது கறி இல்லாமன்னு சொல்லிட்டா போதும்னு சில பேர் நினைப்பாங்க, பத்தாது, கார்னேன்னு சொன்னா நிறைய பேருக்கு மாட்டுக்கறி தான் ஞாபகம் வரும், நீ சொன்னதை மதிச்சு அழகா சிக்கன் வெச்சு கொண்டு வந்துடுவாங்க. அதனால நேராவே கேளு, "தியேனே மன்தேகா?" கொழுப்பு இருக்கான்னு. இதுல ஒரு கூத்து, மன்தேகியான்னா வெண்ணெய், மன்தேகான்னா கொழுப்பு, காதை நல்லா தீட்டிட்டு கேளு.

சரி, என்ன தான் சாப்பிடறது? மெனுல 'ராஹாஸ்'னு இருந்தா கண்டிப்பா வாங்கு, போப்ளானோ மிளகாயை நெருப்புல சுட்டு தோல் உரிச்சு கீத்து கீத்தா கிழிச்சு வெங்காயத்தோட வதக்கினது, க்ரீமும் சேர்ப்பாங்க. 'நொபாலெஸ்'ங்கிறது சப்பாத்திக்கள்ளி, முள்ளு எடுத்துட்டு நறுக்கி சமைக்கிறது, லேசா புளிப்பு, கொஞ்சம் வழவழப்பு. பூசணிப்பூ வெச்ச கெசதியா, அதாவது சீஸ் வெச்சு மடிச்சு சுட்ட தோர்த்தியா, கிடைச்சா விட்டுடாத.

கே: தோர்த்தியாவுக்கு சர்வர் "கார்ன் ஆர் ஃப்ளார்?", அதாவது சோளமா மைதாவான்னு கேட்டதும் முழிக்கிறேன். எதை சொல்லணும்?

ப: கார்ன்னு சொல்லுங்க. மக்காச்சோளத்தை சுண்ணாம்பு கலந்த தண்ணில வேகவெச்சு, ஊறவிட்டு, கழுவி அரைக்கிறாங்க, அதுக்கு பேரு நிக்ஸ்தமால். சுண்ணாம்பு போடறதால தோல் கழண்டு மாவு ஒட்டிக்கும், அது மட்டுமில்ல, சோளத்துல கட்டுண்டு கிடக்கிற நியாசின்ங்கிற பி3 வைட்டமினும் விடுபட்டு உடம்புல சேரும். ஐரோப்பாவுக்கு சோளம் போச்சு, இந்த பக்குவம் கூட போகல, சோளத்தையே நம்பி சாப்பிட்ட ஏழை ஜனங்களுக்கு பெலக்ரான்னு ஒரு நோய் வந்து நிறைய பேர் செத்தே போனாங்க. மெக்ஸிகோல பாட்டிங்களுக்கு வைட்டமின் பேரெல்லாம் தெரியாது, ஆனா சுண்ணாம்பு போடாம ஒரு நாளும் விடல. மைதா வடக்கு மெக்ஸிகோ பழக்கம், உள்ள பீன்ஸ், ரைஸ் வெச்சு உருட்டற பரீத்தோ சுத்துறதுக்கு அது தான் சரி, சோளத்துல சுத்துனா விரிஞ்சு போகும்.

கே: உக்காந்த உடனே ஒரு கூடை சிப்ஸ் வைக்கிறாங்க, ஃப்ரீன்னதும் நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு கூடை காலி பண்ணிடறோம், மெயின் சாப்பாடு வரும்போது வயிறு ரொம்பிடுது. நாச்சோஸ்ங்கிறதும் இது தானா?

ப: ரெண்டு கூடையா! அமெரிக்கால பல கடைல கேட்க கேட்க நிரப்பிட்டே இருப்பாங்க, தப்பு உங்க மேல மட்டும் இல்ல. ஆர்டர் கொடுத்ததும் கூடையை டேபிளோட அந்தப்பக்கம் தள்ளி வெச்சிடுங்க, நான் அதான் பண்றேன், பாதி நாள் கை நீண்டுடும், அது வேற விஷயம். நாச்சோஸ் வேற. 1940கள்ல மெக்ஸிகோ எல்லைல பியத்ராஸ் நேக்ராஸ் ஊர்ல இக்னாசியோ அனாயான்னு ஒருத்தர், அமெரிக்கால இருந்து வந்த பெண்கள் சாப்பிட ஏதாவது கேட்டப்ப சமையல்காரர் ஆளைக் காணோம்னு, பொரிச்ச தோர்த்தியா துண்டு மேல சீஸ் போட்டு உருக்கி ஹலபேன்யோ மிளகாய் வெச்சு கொடுத்தாரு. இக்னாசியோவுக்கு செல்லப்பேரு நாச்சோ. அவ்ளோ தான் கதை.

கே: ஒரு சின்ன கிண்ணத்துல ஆரஞ்சு கலர் சாஸ் இருந்துச்சு, நான் காரம் நல்லா தாங்குவேன்னு ஒரு ஸ்பூன் ஊத்திக்கிட்டேன். மூணு டம்ளர் தண்ணி குடிச்சும் அடங்கல அக்கா.

ப: தண்ணி குடிச்சா எப்படி அடங்கும், காரத்துக்கு காரணமான கேப்சைசின் தண்ணில கரையாது, வாய் முழுக்க பரவத்தான் செய்யும். பால், க்ரீம் தான் மருந்து. நீ ஊத்திக்கிட்டது அனேகமா ஹபனேரோ மிளகாய் சாஸ். காரத்தை அளக்கிற ஸ்கோவில் அளவுல ஹலபேன்யோ 2,500ல இருந்து 8,000 வரைக்கும் தான் வரும், ஹபனேரோ 1 லட்சத்துல ஆரம்பிச்சு 3.5 லட்சம் வரைக்கும் போகும். கிண்ணம் சின்னதா இருந்தாலே ஒரு சந்தேகம் வரணும்பா. சிப்ஸ் நுனில தொட்டு பாத்துட்டு அப்புறம் வீரத்தை காட்டு.

கே: தோர்த்தியாவை மடிச்சு உள்ள கறி, காய் வெச்ச டாக்கோ சாப்பிடும்போது பாதி மடில விழுது. ஃபோர்க் கேட்டா கேவலமா?

ப: கேவலம் எல்லாம் இல்ல, ஆனா வேண்டாம். மொறுமொறுன்னு வளைஞ்ச ஓடு மாதிரி வர்ற டாக்கோ அமெரிக்க வழக்கம், கடிச்சா உடையத்தான் செய்யும். மெத்துன்னு இருக்கிற தோர்த்தியால வர்றதுக்கு அடில ரெண்டு தோர்த்தியா இருக்கும், ஒண்ணு கிழிஞ்சாலும் இன்னொண்ணு தாங்கும். டாக்கோவை நேரா பிடிச்சுட்டு தலையை சாய்ங்க, டாக்கோவை சாய்க்காதீங்க. தட்டுக்கு மேல குனிஞ்சு சாப்பிட்டா விழறது தட்டுல தான் விழும், அதை பொறுக்கி சாப்பிடறதும் ஒரு ருசி தான்.

கே: என் ரூம்மேட் எதை ஆர்டர் பண்ணாலும் "இது ஒரிஜினல் மெக்ஸிகன் இல்ல, டெக்ஸ்-மெக்ஸ்"னு மூடை கெடுக்கிறான்.

ப: அவன் சொல்றது பாதி சரி. மஞ்சள் சீஸ் மொழுக்குனு ஊத்தினது, சீரகம் தூக்கலா இருக்கிறது, கறியும் குடைமிளகாயும் வதக்கி சொய்ங்னு சத்தத்தோட வர்ற ஃபஹீதா தட்டு, இதெல்லாம் டெக்ஸாஸ் பக்கம் வளர்ந்தது. ஆனா அடுத்த தடவை அவன்கிட்ட டாக்கோஸ் அல் பாஸ்டோர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேளு. லெபனான்ல இருந்து குடியேறினவங்க கொண்டு வந்த ஷவர்மா கம்பி தான் அது, ஆட்டுக்கறி போய் பன்னிக்கறி வந்துச்சு, மேல ஒரு அன்னாசி ஏறிச்சு, இப்ப மெக்ஸிகோ சிட்டியோட அடையாளமே அது தான். அதை ஒரிஜினல் இல்லன்னு சொல்வானாமா? உனக்கு பிடிச்சதை சாப்பிடு.

கே: மெக்ஸிகோ டூர்ல சாப்ட்டு முடிச்சு முக்கா மணி நேரம் உக்காந்திருந்தோம், பில்லே கொண்டு வரல. எங்களை கண்டுக்கலயா?

ப: ஐயோ, அவங்க மரியாதை பண்ணாங்கம்மா. கேட்காம பில் வெச்சா எழுந்து போன்னு சொல்ற மாதிரின்னு நினைப்பாங்க. "லா குவென்தா, போர் ஃபவோர்", அதாவது பில் கொடுங்கன்னு சொன்னா வந்துடும். டிப்ஸ் அங்க 10ல இருந்து 15 சதவீதம், சில பில்லுல 'ப்ரொப்பினா'ன்னு டிப்ஸை முன்னாடியே சேர்த்திருப்பாங்க, அதை பாத்துட்டு கொடுங்க, இல்லன்னா ரெண்டு தடவை போயிடும்.