லிஃப்ட் சுவர் மட்டும் போதுமா?

கேள்வி: கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி என எங்கள் அடுக்ககம் எழும்பிக்கொண்டிருக்கிறது. லிஃப்ட்டைச் சுற்றிக் கட்டும் கான்கிரீட் சுவரே நிலநடுக்கத்துக்குப் போதும் என்கிறார்கள். சரிதானா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: போதாது. மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். கீழே வெறும் தூண்கள் என்பதால் ஆட்டம் முழுவதும் அங்கேதான் விழும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்ககங்கள் பல சரிந்தன. சிலவற்றில் லிஃப்ட்டைச் சுற்றிய கான்கிரீட் கூண்டு மட்டும் நின்றது. தளக் கம்பிகள் அந்தக் கூண்டின் சுவருக்குள் போதிய ஆழம் போகாமல் உருவிக்கொண்டதே காரணம்.

சென்னை உட்பட, நிலநடுக்க ஆபத்து வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்தில், கீழ்த்தளம் திறந்த கட்டடத்துக்கு ஷியர் வால் (பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) வைத்தால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஒவ்வொரு திசையிலும் கட்டடப் பரப்பில் 2 சதவீதமாவது வேண்டும் என்கிறது இந்திய நிலநடுக்க வடிவமைப்புத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு. உங்கள் கட்டடம் 200 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு திசைக்கு 4 சதுர மீட்டர் தேவை; 200 மி.மீ. தடிமனில் நெடுக்கே 20 மீட்டர், குறுக்கே 20 மீட்டர். இரண்டு மீட்டர் அகல லிஃப்ட் கூண்டு ஒரு திசைக்கு 4 மீட்டர்தான் தரும். அதுவும் ஒரு மூலையில் இருந்துவிட்டால் கட்டடம் அந்த மூலையைச் சுற்றித் திருகும். எதிர்மூலைத் தூண்கள்தான் முதலில் உடையும். சுவர்களை வெளி ஓரங்களில், இரு பக்கமும் ஈடாகப் பிரித்து, அஸ்திவாரம் முதல் மொட்டைமாடி வரை தொடர்ச்சியாக எழுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பி கட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், கோவை)

பதில்: ஷியர் வாலின் இரு முனைகளையும். 2010-இல் சிலியில் மெல்லிய சுவர்கள் முனைகளில்தான் நொறுங்கின; நிமிர்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் போதாததால் அவை வளைந்து வெளியே பிதுங்கின. ரிங்கின் கொக்கியை 90 டிகிரியில் மடக்கினால் ஆட்டத்தில் விரிந்துவிடும். 135 டிகிரி மடக்கி, 8 மி.மீ. கம்பிக்கு 65 மி.மீ. நுனி உள்ளே போகட்டும். சுவர்த் தடிமன் 200 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கம்பி வலை இரண்டு அடுக்கு. கீழ்த்தளத்தின் அடிப்பகுதியில் கம்பி லேப் கொடுப்பதை (இரு கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து இணைப்பதை) கூடியவரை தவிருங்கள்.

கேள்வி: ஷியர் வாலில் ஏசி குழாய்க்குத் துளை போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கட்டி முடித்தபின் வேண்டாம், கம்பி அறுபடும். கான்கிரீட் போடும் முன்பே, முனைகளை விட்டு விலகி, வடிவமைத்த பொறியாளர் குறித்துக் கொடுத்த இடத்தில் குழாய்த் துண்டைப் பதித்துவிடுங்கள்.