உலோகப் பந்துக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் ஏன்?

கேள்வி: என் தாயாருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. உலோகப் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சுழலும் என்கிறார் மருத்துவர். இரண்டுமே உலோகமாக இருந்தால் இன்னும் உறுதியாக இருக்காதா?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே, மருத்துவர்களும் முதலில் உறுதியைத்தான் தேடினார்கள். 1891-இல் பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் தந்தத்தில் செய்த மூட்டைப் பொருத்தினார். 1923-இல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் தொடை எலும்பின் தலைமீது கண்ணாடிக் கவசம் கவிழ்த்தார்; அது உடைந்துபோகவே, பல பொருள்களைச் சோதித்து, 1938-இல் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்துக்கு வந்து சேர்ந்தார்.

உண்மையான சிக்கல் உராய்வும் தேய்மானமும் என்பதைத் தெளிவாகக் கண்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அக்ரிலிக் பந்து பொருத்தப்பட்ட ஒருவரின் இடுப்பு அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டது அவரைச் சிந்திக்க வைத்தது. வழுக்கும் தன்மை மிகுந்த டெஃப்ளானில் கிண்ணம் செய்து, சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைப் புண்ணாக்கின. 1962-இல் அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தபோது, சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் கிரேவன் அதைச் சோதனைப் பொறியில் ஏற்றி இரவுபகலாக ஓடவிட்டார்; டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது மூன்று வாரங்களில் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே அப்பொருள் நோயாளிகளின் இடுப்புக்குள் சென்றது. இந்த வரலாற்றில் கிரேவனின் பெயர் சார்ன்லியின் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாலிஎத்திலீனும் குறையற்றதன்று. அதன் நுண்துகள்களை விழுங்கும் உடலின் பாதுகாப்புச் செல்கள் தூண்டும் அழற்சியால், நாளடைவில் எலும்பு கரைந்து மூட்டு தளர்வதுண்டு. இதைத் தவிர்க்கவே நீங்கள் குறிப்பிடும் உலோக இணை மீண்டும் பரவலாயிற்று. ஆனால் அதிலிருந்து வெளியேறிய கோபால்ட், குரோமியம் ஆகியவை பலருக்குத் திசுச் சேதம் விளைவித்ததால், 2010-இல் ஒரு வகை உலக அளவில் திரும்பப் பெறப்பட்டது. 1970-இல் பிரான்சின் பியேர் பூத்தேன் தொடங்கிவைத்த செராமிக் இணை மிகக் குறைவாகவே தேயும், அரிதாக உடையும்.

1990-களின் இறுதியில், கதிர்வீச்சால் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்தபின் தேய்மானம் பெருமளவு குறைந்துவிட்டது. உங்கள் தாயாருக்கான கிண்ணம் அந்த வகையைச் சேர்ந்ததா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.